யுனிவர்சிட்டிக்காரர்

பத்தாயிரம் அடி ஆழத்தில், பாறை எந்த நிமிடம் வெடிக்கும் என்று தெரியாத இடத்தில் வேலை செய்துவிட்டு மேலே ஏறி வந்த மனிதர்கள், ஒரு கல்லூரி விண்ணப்பப் படிவத்தைக் கண்டு பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோலார் தங்க வயலின் லைன் வீடுகளில் அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். கசங்கிவிடுமோ என்று விரல் நுனியால் பிடிப்பார்கள். பிறகு பிள்ளையின் கையில் கொடுத்து, "எடுத்துக்கிணு போய் யுனிவர்சிட்டிக்காரரப் பாரு" என்பார்கள்.

யுனிவர்சிட்டிக்காரர் என்பது என் தாய்மாமா. பெங்களூர் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவர். எழுத்தராக இருந்த காலத்திலேயே எங்கள் லைனில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் அவருடைய அம்மாவான என் ஆயா ஒருவர்தான்.

மாமாவை நினைத்தால் ஊரும் கூடவே வருகிறது. சாம்பியன் ரீஃப்ஸ் லைன்கள், வரிசை வரிசையாக ஒன்றையொன்று ஒட்டிய சிறிய வீடுகள், தெருக்குழாயில் காத்திருக்கும் குடங்கள், ஷிப்டுக்கு ஷிப்ட் ஊதும் சங்கு, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும் சயனைடு மேடுகள். காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மேட்டுத் தூசி சோற்றிலும் விழும். இரவில் சில சமயம் பூமி ஒருமுறை உதறும். அலமாரியில் தட்டுகள் சத்தமிடும். அடுத்த நிமிடம் லைன் முழுக்கக் கதவுகள் திறக்கும். கீழே பாறை வெடித்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த மட்டத்தில், எந்த ஷிப்டில் என்பதுதான் தெரியாது. பெண்கள் தலையை முடிந்துகொண்டு சுரங்க வாயிலான ஷாப்டை நோக்கி நடப்பார்கள். என் ஆயா அப்படிப் பல இரவுகள் நடந்தவர். தாத்தா ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். ஆனால் கடைசியில் நுரையீரலில் படிந்த கல்தூசி அவரைக் கொண்டுபோனது. தாத்தாவின் இருமலைக் கேட்டு வளர்ந்த மாமா, தன் தலைமுறையில் ஒருவனாவது கூண்டில் ஏறிக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்துவிட்டார்.

எங்கள் முன்னோர் பெரும்பாலும் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். 1880இல் ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி இங்கே கால்வைத்த பிறகு பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, கூலி ரூபாயாகக் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் நடந்து வந்தார்கள். கம்பெனியோடு இந்த ஊருக்குச் சில பெரிய காரியங்கள் வந்தன. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் அதற்கு 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேத்தமங்கலத்திலிருந்து தண்ணீர் வந்தது. இவையெல்லாம் தங்கத்துக்காக வந்தவை. லைன் வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு எங்கள் ஆட்களுடையது. மாமா இதை எப்போதும் அழுத்திச் சொல்வார்.

அந்தக் கதையை அவர் மாரிக்குப்பத்திலிருந்து தொடங்குவார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை வைத்தவர்கள் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான். 1907இல் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வெளிவரத் தொடங்கியபோது இங்கே அதற்கு வாசகர்கள் இருந்தார்கள், எழுதுகிறவர்களும் இருந்தார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னால் 1926இல் அந்தத் 'தமிழன்' இதழ் மீண்டும் எழுந்தது இந்தத் தங்க வயலில்தான். ஆசிரியர் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வைத்திராவிட்டால், பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களின் கைக்கு அவற்றில் எத்தனை வந்து சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்பாதுரையாரைச் சிறுவனாக இருந்தபோது மேடையில் பார்த்ததாக மாமா சொல்வார். 'புத்தர் அருளறம்' எழுதிய அந்தப் பெரியவர், சங்கத்துக் கூட்டங்களில் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு என்ன வகுப்பு, என்ன பாடம் என்று கேட்பாராம். மாமாவின் மனதில் அது ஆழமாக இறங்கிவிட்டது. "பெரிய விஷயம் பேசுறவங்க நெறைய பேர் இருந்தாங்க கண்ணு. உன் நோட்டக் கொண்டா பாக்கலாம்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான்" என்பார். வாழ்நாள் முழுவதும் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராக இருக்கவே அவர் பாடுபட்டார்.

1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைப் பற்றியும் அடிக்கடி பேசுவார். தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டபோது, குற்றவாளிகளைப் போல எங்களை நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். பெரிய தொழிற்சங்கமோ தலைவர்களோ இல்லாத காலத்தில் அவர்கள் வாரக்கணக்கில் நின்று தாக்குப்பிடித்தார்கள். அந்த நிறுத்தத்தில் பங்கெடுத்த தலைமுறையின் மடியில் வளர்ந்தவர் மாமா. "அன்னிக்கு அவங்க பெருவிரல நீட்ட மாட்டோம்னாங்க. நம்ம வேல அவங்க பேரப்புள்ளைங்கள கையெழுத்துப் போட வைக்கிறது" என்று சொன்னது என் காதில் இன்றும் இருக்கிறது.

1964இல் பெங்களூர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு இருந்தவை. புதிய பல்கலைக்கழகத்துக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். மாமா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறையில் டைப்ரைட்டிங் படித்திருந்தார். கன்னடம் நன்றாக எழுதுவார். வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஆயாவுக்குப் புடவையும் தாத்தாவுக்கு ஒரு கம்பளியும் வாங்கினார். மிச்சத்தில் ஒரு பெரிய நீள நோட்டு வாங்கினார். அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெங்களூரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் தங்கவில்லை. விடியுமுன் எழுந்து சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். ஊர்காம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று போய் பெங்களூர் சேர்ந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பார். அலுவலகம் ஞானபாரதி வளாகத்துக்குப் போன பிறகு பஸ் பயணமும் நீண்டது. இரவு வீடு திரும்பும்போது நாங்கள் தூங்கியிருப்போம். பணி ஓய்வு வரைக்கும் இதுதான் அவருடைய நாள். ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டால், "நான் அங்கியே தங்கிட்டா காகிதத்த யாரு எடுத்துக்கிணு வருவா?" என்பார்.

உண்மையில் அந்த ரயிலே அவருடைய இன்னொரு அலுவலகமாக இருந்தது. காலையில் பிளாட்பாரத்தில் இரண்டு மூன்று பேராவது காத்திருப்பார்கள். ஒருவனுக்கு ஹால் டிக்கெட் வந்திருக்காது. ஒரு பெண்ணின் மார்க்ஸ் கார்டில் அப்பா பெயர் தப்பாக இருக்கும். இன்னொருவனுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து மைகிரேஷன் சர்டிபிகேட் தேவைப்படும். மாமா ஒவ்வொன்றையும் வாங்கி, ரயில் கிளம்பியதும் மடியில் அட்டையை வைத்துக் கடிதம் எழுதத் தொடங்குவார். எழுதியதை அந்தப் பிள்ளைக்கே படித்துக் காட்டி, "புரிஞ்சுதா? அடுத்த தடவ நீயே எழுதணும்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பௌத்த சங்கத்துப் படிப்பகத்தில் இருப்பார். ஒரு மர மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் புத்தரும் அம்பேத்கரும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு யாராவது போய்க் கூப்பிட வேண்டும். அத்தை புலம்புவார்: "வூட்டுல அரிசி இருக்குதான்னு கேக்கமாட்டாரு. யார் வூட்டுப் புள்ளைக்கு ஃபீஸ் கட்ட கடைசி தேதி என்னான்னு மட்டும் மனப்பாடமா சொல்வாரு." புலம்பிக்கொண்டே பெரிய தூக்கில் சாம்பார் சோறு கொடுத்தனுப்புவார். காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது.

எங்கள் பிள்ளைகளின் பிரச்சினைகள் வெளியே இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். சுரங்கச் சம்பளப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி இருக்கும், பள்ளிக்கூட டி.சி.யில் வேறு மாதிரி. ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரி. முனிசாமி, முனுசாமி, முனியசாமி என்று ஒரே மனிதர் மூன்று பேராக ஆகிவிடுவார். சாதிச் சான்றிதழுக்குப் பங்காரப்பேட்டை தாலுகா ஆபீசுக்குப் போனால், உன் பூர்வீகம் தமிழ்நாடு, அங்கே போய் வாங்கு என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணுக்குள்தான் இருக்கிறோம் என்று நிரூபிக்க ஒரு காகிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் இல்லை. ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் கல்லூரி இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் பரீட்சையில் தோற்காமலே, இந்தக் காகிதங்களில் தோற்றுப்போய் ஷாப்டுக்குப் போனார்கள்.

மாமா இந்த இடத்தில்தான் நின்றார். எந்த ஆபீசில் எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சுரங்க ஆபீசின் பழைய வேலைப் பதிவிலிருந்து தாத்தாவின் டோக்கன் நம்பரைத் தேடி எடுக்கச் சொல்வார். பெயர் வேறுபாட்டுக்கு எப்படி அஃபிடவிட் எழுதுவது, அபராதம் இல்லாமல் கட்டக் கடைசித் தேதி எது, அபராதத்தோடு எது, வருகைப் பதிவு குறைந்தால் யாருக்கு எழுதுவது, மறுமதிப்பீட்டுக்கு எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, படிப்பகச் சுவரில் ஒட்டி வைத்தார். ஆண்டுதோறும் அதைத் திருத்தி எழுதுவார். அந்தத் தாளைப் பார்த்துப் படித்தவர்களில் நானும் ஒருத்தி.

அவரிடம் தவறான உதவி கேட்டு வந்தவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் மார்க் சம்பந்தப்பட்ட பிரிவில் அவர் வேலை பார்த்த ஆண்டுகளில், சொந்தக்காரர் ஒருவர் மகனுக்காக வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாமா குரலை உயர்த்தவில்லை. "மாமா, உம் புள்ளைக்கு இன்னிக்கு நான் ரெண்டு மார்க் போட்டா, நாளைக்கு நம்ம ஊருப் புள்ளைங்க வாங்குற மார்க் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க" என்றார். பிறகு அந்தப் பையனை உட்கார வைத்து மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தை எழுத வைத்தார். அதில் தேறாமல், அடுத்த பரீட்சைக்கு ஞாயிறுதோறும் வந்து படித்துத் தேறினான். மாமா விதியை யாருக்காகவும் வளைக்கவில்லை. விதி என்ன என்பதை, அது சொல்லப்படாதவர்களுக்குச் சொன்னார். எங்களுக்கு அதுவரை யாரும் செய்யாத உதவி அது.

கன்னடம் விஷயத்திலும் அவர் உறுதியாக இருந்தார். எண்பதுகளில் மொழிப் பிரச்சினை சூடாக இருந்தபோது, ஊரில் இரண்டு பக்கமும் கோபம் இருந்தது. தமிழ்ப் பள்ளிகளின் கதி என்ன ஆகுமோ என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். மாமா தமிழுக்காக நடந்த கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதே வாரத்தில் படிப்பகத்தில் மாலைக் கன்னட வகுப்பையும் தொடங்கினார். "தமிழ் நம்ம வூடு. கன்னடம் நாம வாழுற ஊரு. வூட்டையும் வுடக்கூடாது, ஊரையும் பகைச்சிக்கக்கூடாது" என்றார். அவருடன் வேலை பார்த்த கன்னட நண்பர் ஒருவர் சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து பாடம் எடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

எங்கள் சுரங்கத்தைப் பற்றி மாமா பெருமையோடும் வருத்தத்தோடும் சொல்கிற இன்னொரு செய்தி உண்டு. 1960களில் டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். மேலே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை மற்றக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் உலகில் முதன்முதலாகக் கண்டவற்றுள் இந்தச் சோதனையும் ஒன்று. அந்தக் கனமான கருவிகளைக் கூண்டில் இறக்கியதும் பாதை காட்டியதும் எங்கள் தொழிலாளிகள்தான்.

"உலகத்து யுனிவர்சிட்டி எல்லாம் நம்ம ஷாப்டுல எறங்குது. நம்ம புள்ளைங்க ஒரு யுனிவர்சிட்டி படிய ஏற வேணாமா?" மாமா மேடைகளில் பேசமாட்டார். பேசிய ஒன்றிரண்டு தடவையும் இதைத்தான் கேட்டார்.

இப்போது அந்த நீள நோட்டு. படிப்பகத்தில் வந்து படிவம் நிரப்பிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், லைனும், என்ன படிப்புக்குப் போனது என்பதும், முடித்ததா இல்லையா என்பதும் அதில் இருக்கும். ஒரு நோட்டு முடிந்ததும் அடுத்தது. பாதியில் நின்றவர்கள் பெயருக்கு எதிரே காரணம் எழுதியிருப்பார். 'அப்பா இறப்பு', 'கல்யாணம்', 'ஃபீஸ்', 'சுரங்கத்தில் சேர்ந்தான்'. விடுமுறை நாள்களில் அந்த வரிகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். நின்றுபோன பெண்களைத் திரும்பச் சேர்ப்பதில் அவருக்குத் தனிப் பிடிவாதம் இருந்தது. கல்யாணமாகி ஆம்பூர்ப் பக்கம் போன ஒரு பெண்ணைத் தபால் வழியில் டிகிரி முடிக்க வைத்தார். அவர் பிற்காலத்தில் ஆசிரியையாகி, மாமாவைப் பார்க்க மகளோடு வந்தார். அன்று மாமா அந்த நோட்டை எடுத்து, பழைய வரியில் இருந்த 'கல்யாணம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பி.ஏ., ஆசிரியை' என்று எழுதினார்.

அவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் ஊரின் கதி மாறியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1956இல், மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு அவை மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தங்கம் குறைந்துகொண்டே வந்தது, நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் கொடுத்த நிலம் அது. சங்கு நின்றது. பம்புகள் நின்ற சுரங்கங்களுக்குள் தண்ணீர் ஏறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வேலையற்ற குடும்பங்களாயின.

மாமாவின் பணி அன்றுதான் உண்மையில் பெருகியது. அதற்கு முன், படிப்பு போனாலும் சுரங்கம் இருக்கிறது என்று ஒரு மூலையில் நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. படிப்பகத்துக்குப் பிள்ளைகளோடு அப்பாக்களும் வந்தார்கள். நிலுவைத் தொகைக்கு மனு, பென்ஷனுக்கு மனு, வீட்டுக்கு மனு, மகனின் ஃபீஸைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு மனு. ஞாயிறு மட்டும் என்பது போய், வாரம் முழுக்க அவர் அந்த மேசையில் இருந்தார். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில்களில் நிற்க இடமில்லாமல் ஊரே ஏறியது. காவலாளிகளாக, கட்டட வேலைக்காரர்களாக, நர்ஸுகளாக, கடை ஊழியர்களாகப் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கணினி நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் போனார்கள். இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்களில் பலருடைய பெயர் மாமாவின் நோட்டில் இருந்தது.

அவர் மறைந்தபோது செய்தித்தாளில் ஒன்றும் வரவில்லை. பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து பழைய நண்பர்கள் சிலர் வந்தார்கள். ஆனால் லைன் வாசல் முழுக்கக் கூட்டம். நடுவயதுக்காரர்கள், படித்தவர்கள், ஒவ்வொருவரும் தனக்கு அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையை இத்தனை படிவங்களின் வழியே அடையாளம் காண முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கோலார் தங்க வயலைப் பற்றி இன்று நிறைய பேர் பேசுகிறார்கள். ஆழத்தையும் தங்கத்தையும் வெள்ளைக்காரர் பங்களாக்களையும் பற்றிப் பேசுகிறார்கள். சினிமாக்காரர்கள் சயனைடு மேட்டில் சண்டைக் காட்சி எடுக்கிறார்கள். அந்த ஆழத்திலிருந்து ஒரு சமூகம் எழுத்தைப் பிடித்து மேலேறிய வரலாற்றைப் பேசுகிறவர்கள் குறைவு. அயோத்திதாசரையும் அப்பாதுரையாரையும் ஆராய்ச்சியாளர்கள் மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து, மேடையும் பதவியும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்த எழுத்தர்களையும் வாத்தியார்களையும் நர்ஸுகளையும் எழுத வேண்டியது அவர்களால் படித்த நாம்தான்.

2017இல் பெங்களூர் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்து, வடக்குப் பல்கலைக்கழகம் கோலாரை அடுத்த தமகாவுக்கு வந்துவிட்டது. படிவங்கள் கணினிக்குள் போய்விட்டன. ஆனால் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இன்றைக்கும் அதே பயம் இருக்கிறது, பெயர் மாறிக் கிடக்கிறது, சான்றிதழ் கிடைக்கவில்லை, கடைசித் தேதி தாண்டிவிடுகிறது. தங்க வயலிலிருந்து படித்து வெளியே போன ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்கு வாருங்கள், ஒரு படிப்பகத்தில் உட்காருங்கள், ஒரு பிள்ளையின் படிவத்தை அதன் கையாலேயே நிரப்ப வையுங்கள்.